முதலை வடிவும் முதலை மரபும்

சென்ற பள்ளி விடுமுறையில் தெம்பனிஸ் வட்டார நூலகத்துக்கு என் தமக்கையின் பேரனை அழைத்துச் சென்றிருந்தேன். அவன் ஒரு படநூலை விரித்து என்முன் வைத்தான். நீண்ட வாய், வாய் நிறையப் பல், தட்டையான தலை, குட்டைக் கால்கள், சேற்று நீரில் பாதி மறைந்த உடல். சுங்கை பூலோ சதுப்பில் உயிர் முதலையைக் கண்டு வந்தவன் அவன். "தாத்தா, இது முதலைக்குத் தாத்தாவா?" என்று கேட்டான்.

"ஆம்" என்ற சொல் என் நாவின் நுனிக்கு வந்துவிட்டது. தோட்டப் பள்ளியில் பல ஆண்டுகள் அப்படித்தான் நான் சொல்லி வந்தேன். பழங்காலத்து நீர்விலங்கின் படத்தைக் காட்டி, "இது முதலையின் மூதாதை" என்று கூறுவதும், பிள்ளைகள் அதை ஏட்டில் எழுதிக்கொள்வதும் வழக்கம். ஆனால் அந்நூலில் படத்தின் கீழிருந்த விளக்கமோ அவ்விலங்கைத் தவளையோடு சேர்த்துப் பேசிற்று. முதலையை உவமையாக மட்டுமே குறித்திருந்தது. என் பிழை எங்கே தொடங்கிற்று என்று அன்று எண்ணத் தொடங்கினேன். அப்பிழை என் ஒருவனுடையது அன்று. தமிழில் அறிவியல் சொல்லும் நம்மிற் பலருக்கும் அதில் பங்கு உண்டு. ஆதலின் அதனை ஈண்டு ஆராய்வது பயனுடையதாகும்.

தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குக என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடம். அதன்படி, காணாத விலங்கைக் கண்ட விலங்கால் விளக்குகிறோம். "முதலை போன்றது" என்கிறோம். இதுவரை குற்றம் இல்லை. அடுத்த வகுப்பில் "போன்ற" என்னும் சொல் தேய்ந்து "முதலை இனம்" என்றாகிறது; அதற்கடுத்த வகுப்பில் "மூதாதை" என்று ஆகிவிடுகிறது. உவமை உறவாக மாறும் இந்த இடமே நாம் கண்டித்துத் திருத்த வேண்டிய இடம்.

பல்லும் பிடரியும்

இம்மயக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 1828ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் யேகர் என்பவர், வூர்ட்டம்பெர்க் நாட்டுக் கைல்டார்ஃப் என்னும் ஊரில் கிடைத்த கல்லுருவான எச்சங்களை ஆராய்ந்தார். பெரிய பல் ஒன்றைக் கண்டு, அது ஊர்வனவற்றுள் ஒன்றன் பல் எனக் கருதி மாஸ்டோடான்சாரஸ் என்று பெயரிட்டார். சாரஸ் என்பது கிரேக்க மொழியில் பல்லியைக் குறிக்கும் சொல். மண்டையோட்டின் பின்பகுதி ஒன்றும் அங்கே கிடைத்தது. அதில் கழுத்தெலும்போடு பொருந்தும் பிடரிக் குமிழ் இரண்டு இருந்தன. முதலை, பல்லி முதலிய ஊர்வனவற்றிற்கு அக்குமிழ் ஒன்றே. தவளைக்கும் சாலமாண்டருக்கும் இரண்டு. ஆகவே அவர் இரண்டாவது விலங்குக்குச் சாலமாண்டரின் பெயரைத் தழுவி வேறொரு பெயர் வைத்தார். பின்னரே இரண்டும் ஒரே விலங்கின் உறுப்புகள் என்பது தெளிவாயிற்று.

பல் ஒரு கதை சொல்லிற்று. பிடரி வேறொரு கதை சொல்லிற்று. முந்தி இட்ட பெயரே நிலைத்தது. ஆயினும் உறவு பற்றிப் பிடரி சொன்னதே பெரிதும் மெய்யாயிற்று. பெயரைக் கொண்டு மரபை முடிவு செய்யலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

ஆனால் பிடரிக் குமிழை மட்டும் நம்புவதும் தவறு. நம் மண்டையோட்டிலும் அது இரண்டே. அதனால் நாம் தவளை ஆகிவிடவில்லை. பல உறுப்புகளின் சான்றை ஒருங்கே வைத்து எடைபோடுவதே முறை.

மாஸ்டோடான்சாரஸ் சேர்ந்த பெருங்கூட்டத்துக்கு டெம்னோஸ்பாண்டில் என்று பெயர். துண்டுபட்ட முள்ளெலும்பு உடையவை என்பது அதன் பொருள். ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 12 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை இக்கூட்டம் நிலைத்திருந்தது. இதன் பெரிய நீர்விலங்குகளையும் முதலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலையின் முன்காலில் விரல் ஐந்து. இவற்றின் முன்காலில் பெரும்பாலும் நான்கு. முதலையின் மேலண்ணம் எலும்பால் மூடப்பட்டது; வாய் நீருக்குள் திறந்திருக்கும்போதும் மூக்குக் காற்று தொண்டைக்குச் செல்ல அது வழிவிடும். இவற்றின் அண்ணத்திலோ இரு பெருந்துளைகள் உண்டு. மீன்கள் நீரின் அசைவை உணர்வதற்கு உடலின் இருபக்கமும் ஓர் உணர்வுக்கோடு பெற்றுள்ளன. அத்தகைய உணர்வுறுப்பு பதிந்திருந்த பள்ளங்கள் இவற்றுள் பலவற்றின் மண்டையோட்டின் மேலும் ஓடுகின்றன. முதலைக்கு அவை இல்லை. இக்கூட்டத்துச் சிலவற்றின் இளம் உயிர்கள் வெளிச் செவுள்களோடு நீரில் வாழ்ந்தன என்பதற்குக் கல்லிலேயே தடம் உண்டு. முட்டை ஓட்டைப் பிளந்து தாயின் சிறு உருவாகவே வெளிவரும் முதலைக் குஞ்சுக்கும், செவுளோடு நீந்தும் அவ்விளம் உயிர்க்கும் எத்துணை வேறுபாடு!

மலேரிப் படுகையில் இரு போலி முதலைகள்

இவ்வேறுபாட்டை நம் நாட்டு எடுத்துக்காட்டைக் கொண்டே விளக்கலாம். தெலங்காணாவில் பிராணகிதா-கோதாவரிப் பள்ளத்தாக்கில் மலேரி என்னும் பாறைப் படுகை உண்டு. அதன் செந்நிறக் களிப்பாறைகள் ஏறத்தாழ 22, 23 கோடி ஆண்டுகளுக்கு முந்திய டிரையாசிக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தின் நிலவியல் ஆய்வாளர்கள் 1950களின் இறுதி தொட்டு இப்பள்ளத்தாக்கில் அகழ்ந்து வந்தனர். புள்ளியியல் கழகத்துக்குப் பழைய எலும்போடு என்ன தொடர்பு என்று வியக்க வேண்டா. அறிவுத் துறைகளை வேலியிட்டுப் பிரிக்காத மகலனோபிஸ் நிறுவிய கழகம் அது.

அங்கே கிடைத்த டெம்னோஸ்பாண்டில் ஒன்றை 1965இல் ராய்சௌத்ரி மெட்டோபோசாரஸ் என்னும் இனத்தின் கீழ் வருணித்தார். அண்மையில் சக்ரவர்த்தி, சென்குப்தா என்னும் இருவர் அதன் மண்டையெலும்புகளை அளந்து ஆய்ந்து, அது தனியினம் எனக் கண்டு, பந்தாசாரஸ் மலேரியென்சிஸ் என்று பெயர் மாற்றினர். அதே படுகையில் பாராசூக்கஸ் ஹிஸ்லோப்பி என்னும் ஊர்வனவும் கிடைத்துள்ளது. நாகபுரியில் வாழ்ந்து மத்திய இந்தியாவின் புதைபடிவங்களைத் திரட்டிய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஹிஸ்லாப் நினைவாக 1885இல் இட்ட பெயர் அது.

இரண்டும் முதலையைப் போன்றவை. இரண்டும் முதலை அல்ல. இரண்டும் ஒன்றற்கொன்று நெருங்கிய உறவும் அல்ல. எப்படி அறிவது? தலையைப் பாருங்கள். முதலையின் மூக்குத் துளை வாயின் முன்நுனியில் இருக்கும். கண்கள் தலையின் பின்பகுதியில் இருக்கும். பாராசூக்கஸின் மூக்குத் துளைகளோ நுனியில் இல்லை. பின்னே சென்று கண்களின் அருகில் உள்ளன. பந்தாசாரஸின் மூக்குத் துளை முன்னேதான் உள்ளது. ஆனால் கண்கள் தலையின் முன்பாதிக்கு வந்துவிட்டன. ஒரே பாடத்தைப் படித்த மூன்று மாணவர் மூன்று விதமாக விடை எழுதியது போன்றது இது. நீரில் மறைந்து கிடந்து இரையைக் கவ்வ வேண்டும் என்பதே வாழ்க்கை வைத்த வினா. விடையின் பொதுத்தோற்றம் ஒன்று, வழி வெவ்வேறு.

இதே படுகையில் கிடைத்த மற்றொரு டெம்னோஸ்பாண்டிலின் பெயர் குட்டிசெஃபாலஸ். நம் மாணவன் அதனைச் 'சிறிய தலை' என்று பொருள் கொள்வான். தமிழறிந்தவன் வேறென்ன செய்வான்? ஆனால் அது இப்பள்ளத்தாக்கின் பாறை அடுக்குகளை வகுத்தறிந்த டி. எஸ். குட்டி என்னும் ஆய்வாளரின் பெயர். பெயர் தரும் பொருள் வேறு. பொருளின் இயல்பு வேறு.

முதலை உருவில் மூன்று குடிகள்

கால் பெற்ற முதுகெலும்பு உயிர்கள் ஏறத்தாழ 37 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியக் காலத்தில், தசைத் துடுப்புடைய மீன்களிலிருந்து கிளைத்தன. அம்மரம் பின்னர் இரு பெருங்கிளையாயிற்று. ஒன்றன் நுனியில் இன்று தவளையும் சாலமாண்டரும் காலற்ற சிசிலியனும் உள்ளன. மற்றொன்றன் நுனியில் ஊர்வனவும் பறவைகளும் நாமும் இருக்கிறோம். முதலை வடிவம் இம்மரத்தின் ஒரே கொம்பில் பூத்த பூவன்று. பல இடங்களில் தனித்தனியே பூத்தது.

முதற்குடி, மேலே கூறிய டெம்னோஸ்பாண்டில்கள். பிரேசில் நாட்டில் கிடைத்து 1948இல் பெயர் பெற்ற பிரையனோசூக்கஸ் இவற்றுள் மிகப் பெரியது. கிடைத்த துண்டுகளைக் கொண்டு அதன் நீளம் 9 மீட்டர் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டவர் உண்டு. வங்காளத்து ராணிகஞ்ச் நிலக்கரிப் பகுதியின் பாஞ்செட் பாறைகளில் கிடைத்த எச்சங்களை 1865இல் ஹக்ஸ்லி ஆராய்ந்து, அவற்றுள் ஒன்றற்கு 'நீள்மூக்கு' எனப் பொருள்படும் சிறப்புப் பெயரே சூட்டினார். இவ்விலங்கின் உறவினங்கள் சில கடற்பாறைகளிலும் கிடைக்கின்றன. நம் கடலோரச் சதுப்புகளில் வாழும் நண்டுண்ணித் தவளை உப்புநீரைத் தாங்குவதை வியப்போடு பேசுகிறோம். தவளை மரபினுக்கு அது அருமையான ஆற்றல். அக்காலத்தில் அதன் தூரத்து உறவினர் கடலிலேயே வேட்டையாடினர்.

இரண்டாங்குடி, எம்போலோமியர்கள். நிலக்கரியாய் மாறிய பழஞ்சதுப்புகளில் வாழ்ந்தவை. சிலவற்றின் உடல் விலாங்கு போல் நீண்டது. ஸ்காட்லாந்து நிலக்கரிப் படுகையில் கிடைத்த ஒன்றற்கு 1863இல் அதே ஹக்ஸ்லி 'நிலக்கரிப் பல்லி' என்னும் பொருளில் ஆந்த்ரகோசாரஸ் என்று பெயரிட்டார். இவை ஊர்வனவற்றின் பக்கத்துக் கிளையைச் சேர்ந்தவை என்பது நெடுநாள் கொள்கை. இரு கிளையும் பிரியுமுன்னரே அடிமரத்தில் கிளைத்தவை என்று அண்மை ஆண்டுகளில் சில ஆய்வாளர் வாதிடுகின்றனர்.

மூன்றாங்குடி, குரோனியோசூக்கியன்கள். முதுகந்தண்டின் மேல் எலும்புத் தகடுகளை வரிசையாக அணிந்தவை. இவற்றுள் ஒன்று நமக்கு அண்மை நாடாகிய லாவோஸில், லுவாங் பிரபாங் வட்டாரத்தில் கிடைத்தது. மண்டையோட்டைக் கொண்டு அதனை ஆராய்ந்தவர்கள் லாவோசூக்கஸ் நாகா என்று பெயரிட்டனர். மேக்கொங் ஆற்றில் உறைவதாக மக்கள் நம்பும் நாகமே அப்பெயரின் பின்பாதி. சூக்கஸ் என்பது கிரேக்கத்தில் முதலை. ஆக, முதலையும் அல்லாத நாகமும் அல்லாத ஒரு விலங்கு, 'லாவோஸ் முதலை நாகம்' என்று பெயர் தாங்கி நிற்கிறது!

அப்படியானால் முதலையின் உண்மையான முன்னோர் யாவர்? ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய அதன் குலத்து முன்னோருள் பலர் சிறிய உடலும் மெலிந்த நீண்ட கால்களும் கொண்டு நிலத்தில் ஓடித் திரிந்தவர்கள். இன்று உயிர்வாழ்வனவற்றுள் முதலைக்கு மிக நெருங்கிய உறவு பறவையே. முதலையைப் போன்றவை முதலையின் முன்னோர் அல்ல. முதலையின் முன்னோரோ முதலையைப் போல் இல்லை. நாம் படத்தைக் காட்டிச் சொல்லிவந்த பாடம் இரு முனையிலும் தவறியது.

உவமையின் எல்லை

இங்கே தமிழாசிரியர்க்குச் சிறப்பான பணி ஒன்று இருக்கிறது. உவமையின் இலக்கணம் நம் கையில் உள்ளது. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் எது பற்றி உவமை வந்தது என்று கேட்கத் தொல்காப்பிய உவமவியல் நமக்குக் கற்பிக்கிறது. இங்கே முதலை உவமை, வடிவாகிய மெய்யும் இரை கவ்வும் வினையும் பற்றி வந்தது. பிறப்புப் பற்றி வரவில்லை. மகளின் முகத்தை மதி என்ற புலவன் அவள் வானத்தில் பிறந்தாள் என்று சொல்லவில்லை. கவிதையில் இதனை எளிதில் உணரும் நாம் அறிவியலில் மறந்துவிடுகிறோம்.

ஒப்புமை இரு காரணத்தால் வரலாம். ஒரே தொழிலால் வரும் ஒப்புமை ஒன்று. நீண்ட வாய் அத்தகையது. முன்னோரிடமிருந்து பெற்றதால் வரும் ஒப்புமை மற்றொன்று. பின்னதிலும் விழிப்பு வேண்டும். பழைய டெம்னோஸ்பாண்டிலின் பல்லைக் குறுக்கே வெட்டினால் உள்ளே பற்சுவர் சுருள்வழி போல் மடிந்து மடிந்து செல்லும். எம்போலோமியரின் பல்லும் அப்படியே. இதைக் கண்டே இவற்றையெல்லாம் முன்பு ஒரே வகுப்பில் அடக்கினர். ஆனால் அப்பல் அவற்றின் முன்னோராகிய மீன்களிடமும் இருந்தது. பாட்டன் சொத்து எல்லாப் பேரரிடமும் இருக்கலாம். அதனால் அவருள் இருவர் மட்டும் உடன்பிறந்தார் என்று ஆகிவிடாது.

மறுதலைப் பிழையும் ஒன்று உண்டு. முதலை இல்லை என்றால் தவளையின் தாத்தா என்று எழுதிவிடுகிறோம். தவளைகள் டெம்னோஸ்பாண்டில் கூட்டத்தினின்று வந்தன என்பது இன்று ஆய்வாளர் பலர் ஏற்கும் கொள்கை. தவளைக்கும் சாலமாண்டருக்கும் இடைப்பட்ட இயல்புகளோடு டெக்சஸில் கிடைத்து, 2008இல் அறிவிக்கப்பட்ட கெரோபட்ராக்கஸ் அதற்கு வலிமை சேர்த்தது. வேறொரு பழங்கூட்டமே அவற்றின் மூலம் என்று வாதிடுவோரும் உளர். முதற்கொள்கையை ஏற்றாலும், தவளை வந்தது அக்கூட்டத்தின் சிற்றுருவக் கிளையிலிருந்துதான். முதலை வடிவுப் பெருவிலங்குகளிலிருந்து அன்று. நம் சொல்லில் கூறினால், அவை தவளைக்குத் தாத்தா அல்ல, தூரத்துப் பங்காளிகள். தாத்தா என்னும் நேர்வழி உறவையும் பங்காளி என்னும் பக்கவழி உறவையும் இத்துணைத் தெளிவாகப் பிரிக்கும் மொழியை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் மூதாதை என்பது நம் சோம்பலே.

சொல்லில் உள்ள குறை

நம் கலைச்சொற்கள் இம்மயக்கத்துக்குத் துணைபோகின்றன. கால் பெற்ற முதுகெலும்பு உயிர்களின் பெருமரபை 'நாற்காலிகள்' என்று எழுதக் காண்கிறோம். வகுப்பில் சிரிப்பு எழுவது ஒருபுறம் இருக்கட்டும். அச்சொல் கால்களை எண்ணச் சொல்கிறது. பாம்புக்குக் காலே இல்லை. ஆயினும் அது அம்மரபினதே. அச்சொல்லால் பயின்ற மாணவன் பாம்பை வெளியே தள்ளுவான். மேசைக்கு இடம் கொடுத்தாலும் கொடுப்பான்.

'நீர்நில வாழ்வன' என்னும் சொல்லும் இத்தகையதே. அது வாழிடத்தைச் சொல்கிறது, பிறப்பைச் சொல்லவில்லை. அதன் விளைவை எல்லா ஆசிரியரும் விடைத்தாளில் கண்டிருப்பர்: முதலை நீரிலும் நிலத்திலும் வாழ்கிறது, ஆதலின் அது நீர்நில வாழ்வது என்று மாணவன் எழுதுகிறான். நாம் சிவப்பு மையால் கோடிடுகிறோம். அவன் சொல்லின் பொருளை அறிந்தே எழுதினான். பிழை சொல்லில் இருந்தது. வாழிடம் பற்றிய சொல் முதலையைத் தவளையோடு சேர்த்தது. வடிவம் பற்றிய சொல் தவளையின் பங்காளியை முதலையோடு சேர்த்தது.

'இவை மேல்நாட்டுப் பெயர்களிலும் உள்ள குறைதானே?' என்று கேட்கலாம். உண்மை. 1997இல் பெயர் பெற்ற ஆஸ்திரேலியக் கூலாசூக்கஸ், டெம்னோஸ்பாண்டில் கூட்டத்தின் கடைசி உயிர்களுள் ஒன்று. அதன் பெயரிலும் முதலை இருக்கிறது. ஆனால் அப்பெயர்கள் வெறும் இடுகுறிகளாய் நிற்கின்றன. அவற்றைக் கொண்டு எவரும் வகுப்பதில்லை. தெம்பனிஸ் என்னும் ஊர்ப்பெயர் தெம்பினிஸ் என்னும் மலாய் மரப்பெயரால் வந்தது. அதனால் ஊரை யாரும் மரம் என்று கருதுவதில்லை. நம் கலைச்சொற்களோ பொருள் விளங்கும் காரணப்பெயர்கள். காரணப்பெயர் இடுபவன் காரணத்தைச் சரியாகச் சொல்லக் கடமைப்பட்டவன்.

சிறுவர்க்கு உவமையே கூடாது என்பதும் என் கருத்தன்று. உவமை இன்றேல் பாடம் இல்லை. உவமையோடு அதன் எல்லையையும் சொல்ல வேண்டும் என்பதே வேண்டுகோள். அதற்கு 'மரபு', 'வடிவு' என்னும் இரு சொற்களே போதும். நாற்காலிகள் என்னாமல் 'நாற்கால் மரபின' என்போம். பாம்பு உள்ளே வந்துவிடும். தவளை முதலியவற்றைத் 'தவளை மரபின' என்போம். முதலை தானே வெளியேறிவிடும். பழைய பெருவிலங்குகளை 'முதலை வடிவின, முதலை மரபின அல்ல' என்போம். மூதாதை என்னும் சொல்லை நேர்வழி உறவு தெளிந்த இடத்தில் மட்டும் ஆள்வோம். இதனினும் நல்ல சொல் வேறெவர் தரினும் மகிழ்ந்து ஏற்பேன்.

இது தமிழுக்குப் புதிய நுட்பமும் அன்று. குறிஞ்சிப்பாட்டு ஆற்றுச் சுழியின் அச்சத்தைக் கூறுமிடத்து முதலை, இடங்கர், கராம் என மூன்று பெயர்களை அடுத்தடுத்து வைக்கிறது. ஒன்றுபோல் தோன்றும் கொடுவிலங்குகளை வேறு பிரித்துக் காண ஒரு மொழிக்கு எத்துணைக் கூர்மை வேண்டும்! ஆற்றங்கரையில் நின்றவன் பிரித்தறிந்ததைக் கரும்பலகையின் முன் நிற்கும் நாம் ஒன்றாகக் குழைக்கலாமா?

பேரனுக்கு அன்று நான் சொன்ன விடை இது: "முதலைக்குத் தாத்தா இல்லையப்பா. தவளைக்குத் தூரத்துப் பங்காளி. முதலை செய்யும் வேலையை முதலைக்கு முன்பே செய்து வந்தது. அதனால் அதன் சாயல்." அவன் சற்று எண்ணிவிட்டு, முன்கால் விரல்களை எண்ணத் தொடங்கினான். நான்கு இருந்தன. என் பழைய மாணவர்கள் இன்று ஆங்காங்கே தம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் கொடுத்த பழைய விடையை அவர்கள் இன்னும் வைத்திருந்தால், இக்கட்டுரை அவர்களுக்கு என் திருத்தமாகட்டும்.